கோடு பாடுமோ?
அருவ ஓவியமும் மின்னொலி இசையும் பற்றிய ஒரு பாடம்

தமிழிலே 'வண்ணம்' என்னும் சொல் இருபொருள் தருவது. கண்ணாற் காணும் நிறமும் வண்ணம். செவியாற் கேட்கும் செய்யுளின் ஓசைநயமும் வண்ணம். தொல்காப்பியர் செய்யுளியலில் வண்ணங்கள் 20 என வகுத்துரைத்தார். அருணகிரிநாதரின் திருப்புகழ் வண்ணப்பாக்களின் கருவூலமாக விளங்குகின்றது. நிறத்திற்கும் ஓசைக்கும் ஒரே பெயரிட்ட மொழியினர், கண்ணுக்கும் செவிக்கும் இடையே ஏதோ ஓர் உறவினை உணர்ந்திருத்தல் வேண்டும். அவ்வுறவு எத்தகையது? ஓர் ஓவியத்தை அப்படியே இசையாக்குதல் கூடுமோ? இருபதாம் நூற்றாண்டில் மேனாட்டார் சிலர் யந்திரத்தின் துணைகொண்டு இவ்வினாக்களுக்கு விடைகாண முயன்றனர். அம்முயற்சியை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டியது வகுப்பறை நிகழ்ச்சி ஒன்று. உயர்தர வகுப்பு மாணவர் சிலருக்கு, 1972இல் வெளிவந்த 'சொலாரிஸ்' என்னும் ருஷ்யத் திரைப்படத்தின் இசையிற் சிறு பகுதியை ஒருநாள் ஒலிக்கச் செய்தேன். பாட்டில்லை, தாளமில்லை, ஆழத்தினின்று எழுந்து மெல்லப் பரந்து மறையும் ஒலிகள் மாத்திரமே இருந்தன. முடிந்ததும் மாணவர் ஒருவர் எழுந்து, "சேர், இது இசையோ, அல்லது யந்திரம் பழுதோ?" என்றார். வகுப்புச் சிரித்தது, நானுஞ் சிரித்தேன். ஆயினும் வீடு திரும்பும் வழியில் அவ்வினா என்னை விட்டகலவில்லை. மனிதன் தெரிந்து செய்த ஒலிக்கும், யந்திரம் தானே எழுப்பும் ஒலிக்கும் வேறுபாடு யாது என்பதன்றோ அம்மாணவர் கேட்டது? அது சிரித்து விடத்தக்க வினாவன்று.

பொருளில்லாத ஓவியம்

முதலில் அருவ ஓவியம் இன்னதென அறிதல் வேண்டும். உருவம், அருவம், அருவுருவம் என்னும் பகுப்பைச் சமய பாடத்திற் பயின்ற மாணவருக்கு இஃது எளிதில் விளங்கும். மரத்தையோ மனிதனையோ மலையையோ காட்டாது, புள்ளி, கோடு, பரப்பு, நிறம் என்பவற்றை மாத்திரம் கொண்டு அமைவதே அருவ ஓவியம்.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் வசிலி கண்டின்ஸ்கி. 1866இல் மொஸ்கோவிற் பிறந்த இவர், 1911ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஜேர்மனியின் மியூனிக் நகரிலே ஆர்னல்ட் ஷேன்பேர்க் என்பாரின் இசைக் கச்சேரியைக் கேட்டார். கேட்ட அனுபவத்தினின்று ஓர் ஓவியம் பிறந்தது. 'மனப்பதிவு 3 (கச்சேரி)' எனப்படும் அவ்வோவியத்திலே பெரும் பரப்பை மஞ்சள் நிறம் நிறைத்திருக்கும்; பியானோவின் கரிய மூடியினின்று தோன்றிய ஒரு கருந்திணிவு அதன்மேற் சாய்ந்து நிற்கும்.

இசையின்பால் ஓவியர் இத்துணை ஈடுபாடு கொண்டது ஏன்? இசை எந்தப் பொருளையும் படம்பிடித்துக் காட்டுவதில்லை. தோடி ராகத்தைக் கேட்டு, இஃது எந்த மரத்தைப் போன்றது என எவரும் கேட்பாரிலர். ஆயினும் அஃது உள்ளத்தை உருக்குகின்றது. இசைக்கு வாய்த்த இவ்வுரிமை ஓவியத்திற்கும் வேண்டும் என்பதே கண்டின்ஸ்கியின் வேட்கை. அதனாலேயே தம் ஓவியங்கள் பலவற்றிற்கு இசைத்துறைச் சொற்களையே பெயராக வைத்தார். 1926இல் வெளிவந்த, புள்ளியும் கோடும் பரப்பும் பற்றிய தமது நூலிலே, பீதோவனின் ஐந்தாஞ் சிம்பொனியின் தொடக்கத்தைப் புள்ளிகளாக வரைந்துங் காட்டினார்.

நிறத்திற்குச் சுரம் உண்டோ?

கண்ணையும் செவியையும் இணைக்க விழைந்தோர் முதலிற் பற்றியது நிறத்தையே. ருஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாந்தர் நிக்கலாயெவிச் ஸ்கிரியாபின் (1872–1915) ஒவ்வொரு சுரத்திற்கும் ஒரு நிறம் உண்டெனக் கொண்டார். 1910இல் முடித்த 'புரொமீதியஸ்' என்னும் இசைப்படைப்பிலே, வாத்தியங்களோடு வண்ண ஒளிக்கும் தனியே ஒரு வரிசை எழுதினார். 1915இல் நியூ யோர்க்கில் அஃது ஒளியுடன் நிகழ்த்தப்பட்டது. இசை, நிறம், நறுமணம், ஆடல் யாவும் ஒன்றுகூடும் ஒரு பெருவிழாவை இமயமலைச் சாரலில் நடாத்த வேண்டும் எனவும் அவர் கனவு கண்டார். அது நிறைவேறுமுன் மறைந்தார்.

ஆனால் இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. 'சி' என்னும் மேனாட்டுச் சுரம் ஸ்கிரியாபினுக்குச் சிவப்பு. அவர் காலத்து மற்றோர் இசைமேதை ரிம்ஸ்கி கோர்சாகோவுக்கோ அது வெண்மை. 'டி' மஞ்சள் என்பதில் இருவரும் உடன்பட்டனர். 'ஜி'யில் மீண்டும் வேறுபட்டனர். கண்டின்ஸ்கியோ சுரங்களை விடுத்து வாத்தியங்களை நாடினார்: மஞ்சள் எக்காளம், வெளிர்நீலம் குழல், கருநீலம் செலோ என்றார். ஆகவே நிறத்திற்கும் சுரத்திற்கும் எல்லார்க்கும் பொதுவான அட்டவணை இல்லையென்பது தெளிவு. இவ்வழி ஒவ்வொருவர் உள்ளத்தோடும் முடிந்துவிடுகின்றது. வேறு வழி தேடல் வேண்டும்.

ஒளி ஒலியான வகை

அவ்வழியைத் திறந்தது பேசும் படம். அக்காலத் திரைப்படச் சுருளின் ஓரத்திலே ஒடுங்கிய ஒரு பட்டி ஓடும். ஒலியின் அலைவு அதிலே வரைபோலப் பதிந்திருக்கும். அதனூடாக ஒளியைச் செலுத்தினால், வரையின் ஏற்றத்தாழ்வுக்கேற்ப ஒளி கூடியுங் குறைந்தும் வரும். ஒளிமின்கலம் அதனை மின்னோட்டமாக்கும். ஒலிபெருக்கி அதனை ஒலியாக்கும்.

இதனைக் கண்ட சிலர், "பாடாத பாட்டையும் இப்பட்டியிற் கையால் வரைந்தால் என்ன?" என எண்ணினர். 1930களின் தொடக்கத்திலே சோவியத் நாட்டில் ஆர்செனி அவ்ராமோவ் முதலியோரும், ஜேர்மனியில் அருவத் திரைப்படக் கலைஞர் ஒஸ்கார் பிஷிங்கரும் கோலங்களை வரைந்து, அவற்றை ஒலிப்பட்டியிற் பதித்து ஒலிக்கச் செய்தனர். பின்னாளிற் கனடாவில் நோர்மன் மக்லாரன் 1971இல் ஆக்கிய 'சிங்குரொமி' என்னும் குறும்படத்திலே, திரையிற் காணும் வண்ணச் சதுரங்களே செவியிற் கேட்கும் ஒலியையும் பிறப்பித்தன.

மூர்சினின் யந்திரம்

இம்மரபினின்று எழுந்த பெருஞ் சாதனை எவ்கெனி மூர்சின் (1914–1970) அமைத்த யந்திரமாகும். மூர்சின் இசைக்கல்லூரியிற் பயின்றவரல்லர், பொறியியலாளர். ஸ்கிரியாபினின் இசையில் ஆழ்ந்த பற்றுடையவர். 1930களின் பிற்பகுதியில் உள்ளத்தில் உருவான திட்டத்தைத் தமது தொழிலுக்கிடையே கிடைத்த ஓய்வுவேளைகளில் வளர்த்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் 1950களின் இறுதியில் நிறைவேற்றினார். தம் ஆதர்ச புருடரின் பெயரின் முதலெழுத்துக்களையே அதற்கு இட்டு 'ஏ.என்.எஸ்.' என அழைத்தார்.

சிந்தசைசர் எனப்படும் ஒலிதொகுக்கும் யந்திரங்களுள் இஃது ஒன்று. இன்றைய கணினி ஒலியை எண்களாகப் பகுத்துக் கையாளும். ஏ.என்.எஸ். அவ்வாறன்று, ஒளியின் ஏற்றத்தாழ்வை மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வாக இடையறாது கொண்டு செல்வது. இவ்வகையை 'அனலொக்' என்பர்.

அதன் அமைப்பைப் பௌதிகம் பயிலும் மாணவர் நுணுகி நோக்குக. ஐந்து கண்ணாடித் தட்டுக்கள் சுழல்கின்றன. ஒவ்வொன்றிலும் 144 அலைவரைகள் வட்டமாகப் பதிந்துள. ஆகத் தூய தொனிகள் 720. இவை 10 ஸ்தாயிகளில் அடங்கும்; ஒரு ஸ்தாயிக்கு 72 படிகள். பியானோவின் ஓர் அரைச்சுர இடைவெளி இங்கே ஆறாகப் பகுக்கப்பட்டுள்ளது. 72 என்றதும் நம் மேளகர்த்தா இராகங்களை நினைத்து மயங்கற்க. பன்னிரண்டை ஆறாற் பெருக்கிய கணக்கேயன்றி இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

இத்தட்டுக்களை ஊடுருவிய ஒளி, ஒரு பெருங் கண்ணாடிப் பலகையின் பின்புறத்தில் விழும். அப்பலகைமீது உலராத கரிய பசை பூசப்பட்டிருக்கும். இசையமைப்பாளர் கூரிய கருவியால் அப்பசையைச் சுரண்டி வரைவார். சுரண்டிய இடத்தினூடு மாத்திரம் ஒளி புகும்; ஒளிமின்கலங்கள் அதனை ஏற்று ஒலியாக்கும். பலகையின் மேல்கீழ் ஒலியின் உயரம், இடவலம் காலம். பலகை மெல்ல நகர, வரைந்த படம் பாடும். நகரும் வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் காலம் மாறுமேயன்றிச் சுருதி மாறாது. பசை உலராதாகையால், பிழைபட்ட கோட்டைத் தடவி மறைத்து மீண்டும் வரையலாம். எழுதுவோனும் வாசிப்போனும் இங்கே ஒருவரே.

ஒரு விந்தையைக் கவனிக்க. நிறத்தைச் செவியாற் கேட்ட ஸ்கிரியாபினின் பெயர் பூண்ட இந்த யந்திரத்திற்கு நிறமே தெரியாது! இருளும் ஒளியும் என்னும் இரண்டையே அஃது அறியும். நிறத்தின் அட்டவணையை விட்டுக் கோட்டைப் பற்றியமையாலேயே அது வெற்றி பெற்றது.

கோட்டைக் கேட்டல்

இனி, அப்பலகையில் நாமே வரைவதாகக் கற்பனை செய்வோம்.

ஒரு புள்ளி வைத்தால், கணநேரத் தொனி ஒன்று கேட்கும். இடமிருந்து வலமாக நேர்கோடு வரைந்தால், சுருதிப்பெட்டி போல ஒரே தொனி நீளும். சரிவாக ஏறுங் கோடு, ஏறிச்செல்லும் ஒலி. வளைந்தசையுங் கோடு, நமது கமகத்தை ஒத்த அசைவு. மேலிருந்து கீழாக நெடுங்கோடு ஒன்றை இழுத்தால், எல்லாத் தொனிகளும் ஒருங்கே எழுந்து பெருமழையின் இரைச்சல் ஒரு கணம் கேட்கும்.

வளைகோடு ஒன்றை அவ்வண்ணமே சற்று மேலே மீண்டும் வரைந்தால், அதே இசை உயர்ந்த சுருதியிற் கேட்கும். படிகள் யாவும் ஒரே விகிதத்தில் அமைந்தமையே காரணம். இங்கே கண்ணும் செவியும் முற்றும் உடன்படுகின்றன.

வட்டத்தை வரைக. என்ன கேட்கும்? ஒரே தொனி தோன்றி, உடனே இரண்டாகப் பிரிந்து, ஒன்று மேலும் ஒன்று கீழுமாக விரைந்து விலகி, நடுவிலே வேகம் தணிந்து, மீண்டும் நெருங்கி ஒன்றாகி மறையும். கேட்பவர் எவரும் "இது வட்டம்" எனச் சொல்லார். பிரிவும் கூடலும் என்றே சொல்வர். கண் ஒருங்கே கண்ட முழுமையைச் செவி கணந்தோறும் பெறுகின்றது. ஓவியத்தில் நடு என்பது ஓர் இடம். இசையில் நடு என்பது கடந்துபோகும் ஒரு நேரம். ஓவியத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றையொன்று ஒத்திருத்தல் கண்ணுக்கு அமைதி தரும். அதே படம் ஒலிக்கும்போது, பின்பாதி முன்பாதியின் தலைகீழ் நடை என்பதைச் செவி எளிதில் உணராது.

இதனினும் நுட்பமான எடுத்துக்காட்டு ஒன்று. ஐந்து நேர்கோடுகளை ஒன்றன்மேலொன்றாக 50 படிக்கு ஒன்றாகச் சம இடைவெளியில் வரைக. பார்வைக்கு மிக ஒழுங்கானது. ஆயின் கேட்பதற்கு உடைந்த மணியோசைபோல ஒன்றோடொன்று ஒட்டாது ஒலிக்கும். இனி, அடிக்கோட்டிலிருந்து 72, 114, 144, 167 ஆம் படிகளில் மற்றைய நான்கையும் வரைக. இடைவெளிகள் மேலே செல்லச் செல்ல ஒடுங்கும். கண்ணுக்கு ஒழுங்கற்றதாகத் தோன்றும். செவிக்கோ ஐந்தும் கலந்து, தந்தி வாத்தியத்தினது போன்ற செறிந்த ஒரே நாதமாகும். ஏனெனில் அவை அடிச்சுரத்தின் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்கான மீடிறன்களுக்கு மிக அண்மையில் உள்ளன. கண்ணின் ஒழுங்கு வேறு, செவியின் ஒழுங்கு வேறு என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

செவியே தீர்ப்பளித்தல்

மூர்சினின் யந்திரத்தை நாடி வந்த இசையமைப்பாளர் இதனை விரைவில் உணர்ந்தனர். 1960களில் மொஸ்கோவின் ஸ்கிரியாபின் நினைவில்லத்தில் அதனைச் சூழ்ந்து ஓர் ஒலிக்கூடம் அமைந்தது. எட்வார்ட் ஆர்த்தெமியெவ் 1967இல் 'மொசாயிக்' என்பதை ஆக்கினார். சிறுகற்களைப் பதித்து அமைக்கும் ஓவியவகையின் பெயரே அது. அல்பிரெட் ஷ்னிற்கே 1969இல் 'நீரோட்டம்' எனப் பொருள்படும் படைப்பையும், சோபியா குபைதுலினா 1970இல் 'உயிருள்ளது – உயிரற்றது' எனப் பொருள்படும் படைப்பையும் உருவாக்கினர். பின்னதில் இயற்கையொலிகளும் யந்திரவொலிகளும் எதிரெதிரே நிறுத்தப்பட்டன. 'சொலாரிஸ்' படத்திற்கு ஆர்த்தெமியெவ் இவ்யந்திரத்தின் ஒலிகளோடு பாக்கின் பழைய ஓகன் இசையொன்றையும் சேர்த்தார். அந்நிய உலகின் மயக்கத்திற்கு யந்திரவொலி. மண்ணுலகின் நினைவுக்குப் பாக். இவ்விரண்டும் அருகருகே நிற்கையில் ஒன்று மற்றொன்றின் பொருளை விளக்குகின்றது.

இங்கிலாந்திலே டப்னி ஓரம் (1925–2003) என்னும் பெண்மணி வேறொரு நெறியிற் சென்றார். பி.பி.சி. வானொலியில் 1943இற் சேர்ந்து, 1958இல் அதன் மின்னொலிப் பட்டறையை நிறுவியவருள் ஒருவராகி, மறுவருடமே விலகித் தமது இல்லத்திலே தனித்து உழைத்தார். 'ஓரமிக்ஸ்' எனப்பட்ட அவரது யந்திரத்தில் 35 மி.மீ. படச்சுருள்கள் பத்து அருகருகே ஓடும். ஒன்றிற் சுருதி, ஒன்றில் ஒலியளவு என ஒவ்வோர் அமிசத்தையும் வெவ்வேறு சுருளில் அவர் கையால் வரைவார். நாதத்தின் அலைவடிவையும் தாமே கண்ணாடிச் சில்லில் வரைவார். மூர்சின் முழுப்படத்தை ஒலியாக்கினார். ஓரம் ஒலியைக் கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு கோடாக்கினார். இருவரும் கேட்டும் திருத்தியுமே தம் பணியைச் செய்தனர்.

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியையுங் கூறல் தகும். 1999இல் 'அபெக்ஸ் ருவின்' என்னும் பெயரால் அறியப்பட்ட இங்கிலாந்து இசையாளர், தமது இசைத்தட்டொன்றிலே கணினியின் துணையால் ஒரு முகத்தின் படத்தை ஒலிக்குள் மறைத்து வைத்தார். ஒலியின் மீடிறன்களைப் படமாக்கிக் காட்டும் கருவியில் அம்முகம் தெரியும். செவிக்கோ கரகரத்த ஓர் இரைச்சல் மாத்திரமே கேட்கும்; முகத்தைக் கேட்டவர் எவருமிலர். விளையாட்டாக அது சுவையுடையதே. எனினும் படம் முழுமையாக ஒலிக்குள் புகுந்திருந்தும், அதனால் மாத்திரம் இசை பிறந்துவிடாது என்பதை அஃது ஐயமறக் காட்டுகின்றது.

வினாவுக்கு விடை

இனி அம்மாணவரின் வினாவுக்கு வருவோம். இது இசையோ, பழுதோ? யந்திரம் பழுதுபட்டு இரையும்போது, வேறு விதமாக இரைந்திருக்கலாமே என எவரும் தேர்ந்தாராய்வதில்லை. ஏ.என்.எஸ். பலகையின் முன் இருந்தவரோ வரைந்தார், கேட்டார், உள்ளம் ஒப்பாதபோது பசையைத் தடவி அழித்தார், மீண்டும் வரைந்தார். கோடு தானாகப் பாடுவதில்லை. கோட்டை வரைந்தவர் தம் செவிக்குப் பணிந்தபோதே அது பாடுகின்றது. அருவ ஓவியம் இசையாளருக்குத் தந்தது ஒலிகளையன்று; பொருளைக் காட்டாமலே ஒழுங்கமைக்கும் துணிவையும், புள்ளி, கோடு, பரப்பு என எண்ணும் பழக்கத்தையுமே தந்தது. எஞ்சியதைச் செவி செய்தல் வேண்டும். இவ்வளவும் அறிந்தபின் அவ்விசை ஒருவருக்குப் பிடியாது போகலாம், அதிற் குற்றமில்லை. கேளாமுன் நகைத்தலே குற்றம்.

மற்றொன்று. கலைப்பிரிவு, விஞ்ஞானப்பிரிவு என மாணவரைப் பதினாறு பதினேழு வயதிற் பிரிக்கின்றோம். பிரிந்த பின் ஒருசாரார் மற்றச் சாராரின் நூல்களைத் தொடுவதும் அரிதாகின்றது. மூர்சின் பொறியியலாளராயிருந்தமையாலே யந்திரத்தை அமைத்தார்; ஓர் இசைமேதையை நேசித்தமையாலே அதனை எதற்காக அமைத்தல் வேண்டுமென அறிந்தார். இரண்டில் ஒன்று குறைந்திருப்பின் அப்பலகை தோன்றியிராது. அவர் மறைந்த பின் அந்த யந்திரம் பல இடம் பெயர்ந்து, 2007 முதல் மொஸ்கோவின் கிளிங்கா இசை அருங்காட்சியகத்திற் பேணப்பட்டது.

மாணவர்க்கு ஒரு சிறு பயிற்சியோடு முடிக்கின்றேன். சதுரக்கோட்டுத் தாள் ஒன்றை எடுத்து, உமக்கு விருப்பமான வளைகோடு ஒன்றை வரைக. சுருதிப்பெட்டியை ஒலிக்கச்செய்து, அக்கோட்டை விரலாற் பின்தொடர்ந்து, ஏறுமிடத்துக் குரலை ஏற்றியும் இறங்குமிடத்து இறக்கியும் பாடிப் பார்க்க. எங்கே கோடு அழகாயிருந்தும் பாட்டுச் சிறக்கவில்லையோ, அங்கே கோட்டைத் திருத்துக. திருத்திய அவ்விடத்தில் உமது கண்ணுக்கு உமது செவி கற்பித்தது யாதென ஒரு வாக்கியத்தில் எழுதி வருக.